மணி அடித்தால் காவலாளி வர வேண்டாமா? விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அமைப்பு ரோல்பிளே ஆட்டங்களுக்கு விதி எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டங்களை ஊர் ஊராக ஒரே விதியோடு நடத்துவதைத்தான் அமைப்பு ஆட்டம் என்கிறோம். பாத்ஃபைண்டர் சொசைட்டி, அட்வென்ச்சரர்ஸ் லீக் மாதிரியான அந்த ஆட்டங்களின் வழிகாட்டிகளை எழுதுவதும் திருத்துவதும் நீங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பேரை உட்கார வைத்து ஆட்டம் நடத்துவது எங்களைப் போன்ற கேம் மாஸ்டர்கள், சுருக்கமாக ஜிஎம்: கதையைச் சொல்லி, எதிரிகளை ஆட்டுவித்து, தீர்ப்பும் சொல்கிறவர்கள். எங்களுக்குச் சம்பளம் கிடையாது, டீ கூடக் கைக்காசுதான். அது போகட்டும். ஜிஎம்முக்கு எதுவரை உரிமை என்று நீங்கள் எழுதும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் ஒரு மேசையைச் சொல்கிறேன். எந்த ஆட்டம், எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். அன்று நான் ஜிஎம் இல்லை, ஆட்டக்காரன். என் பக்கத்தில் பதினாறு வயது இருக்கும் ஒரு பெண். அவளுக்கு அது இரண்டாவது ஆட்டம். பாழடைந்த ஒரு மடத்துக்குள் நாங்கள் நுழைய வேண்டும். உள்கூடத்தில் நான்கு காவலாளிகள் என்று தெரிந்துவிட்டது. மற்றவர்கள் கதவை உடைக்கலாமா, பூட்டைத் திறக்கலாமா என்று வாதாடிக்கொண்டிருக்க, அவள் மெதுவாகக் கேட்டாள்: "வெளியில மணிக்கூண்டு இருக்குன்னு சொன்னீங்களே, அதுல மணி இருக்கா?" இருக்கிறது என்றார் ஜிஎம். "அப்போ நான் மேல ஏறி மணி அடிக்கிறேன். சத்தம் கேட்டு அவங்க வெளியே ஓடி வருவாங்க. நீங்க வாசல்ல எண்ணெய் ஊத்தி வைங்க."

மேசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏறுவதற்கு ரோல் போட்டாள், இருபது முகப் பகடையில் 17 விழுந்தது, ஏறிவிட்டாள். மணி அடித்தாள். ஜிஎம் கையிலிருந்த சினாரியோவை, அதாவது எழுதிக் கொடுத்த கதையை, புரட்டினார். மறுபடியும் புரட்டினார். அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அவங்க வர மாட்டாங்க. உள்கூடத்துலேயே இருக்காங்கன்னுதான் போட்டிருக்கு."

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். மீதி இரண்டு மணி நேரமும் தன் முறை வரும்போது "அடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். சண்டையில் ஜெயித்தோம், கேரக்டருக்குக் கிடைத்ததையெல்லாம் பதியும் பரிசுத் தாளும் வாங்கினோம். ஒரு சினாரியோவுக்கு ஒருவருக்கு ஒருமுறைதான் கணக்கு என்பதால் அந்த மடம் அவளைப் பொறுத்தவரை முடிந்த கதை.

அந்த ஜிஎம் கெட்டவர் இல்லை, பயந்தவர். 'எழுதியபடி நடத்து' என்று யாரோ அவர் காதில் அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் அதே பக்கத்தின் அடுத்த வரியைச் சொல்லவில்லை. பாத்ஃபைண்டர் சொசைட்டியின் முதல் பதிப்பு வழிகாட்டி எதிரிகளின் எண்ணிக்கையையும், அவர்களின் ஆயுதம், கவசம், மந்திரங்களையும் ஜிஎம் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று கறாராகச் சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னது: ஆட்டக்காரர்கள் செய்த காரியத்தால் எதிரிகளின் உத்தியோ அவர்கள் நிற்கும் இடமோ அர்த்தமில்லாமல் போனால், அதை மாற்றினால் ஆட்டம் நன்றாக இருக்குமா என்று ஜிஎம் யோசிக்க வேண்டும். மணி அடித்தால் காவலாளி எட்டிப் பார்க்கலாம் என்பதற்கான அனுமதி அதுதான். நல்ல வரி. ஆனால் தடையைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு அனுமதியை அதன் நிழலில் ஒளித்து வைத்தால், மேசைக்கு வந்து சேர்வது தடை மட்டும்தான்.

நீங்கள் ஏன் தடையில் இவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வீட்டு ஆட்டத்தில் ஜிஎம் தாராளமாகப் புதையலை அள்ளிக் கொடுத்தால் அந்த வீட்டோடு போயிற்று. இங்கே அப்படியில்லை. ஒரு ஊரில் ஆடிய கேரக்டரை அடுத்த மாதம் வேறு ஊரில், முன்பின் தெரியாத ஐந்து பேரோடு உட்கார்ந்து ஆடலாம் என்பதுதான் இதன் கவர்ச்சியே. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஒரு சினாரியோவுக்கு 4 அனுபவப் புள்ளி, 12 சேர்ந்தால் ஒரு நிலை உயர்வு. சென்னையில் ஆடினாலும் சியாட்டிலில் ஆடினாலும் கணக்கு ஒன்றுதான். இது இல்லையென்றால் அமைப்பு ஆட்டம் என்று ஒன்றே கிடையாது.

இந்தச் சண்டை நமக்கு முன்பே நடந்ததுதான். 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரெய்ஸ்விட்ஸ் தன் போர் விளையாட்டை அறிமுகப்படுத்தியபோது எல்லாமே அட்டவணையும் பகடையும்தான். இவ்வளவு தூரத்திலிருந்து சுட்டால் இத்தனை இழப்பு என்று கணக்குப் பார்த்தே நேரம் போகும். அதிகாரிகளுக்கு அலுத்துவிட்டது. 1876-இல் வெர்டி டு வெர்னோவா என்ற பிரஷ்யத் தளபதி, அட்டவணைகளை ஓரம்கட்டிவிட்டு, போர் தெரிந்த நடுவர் தன் அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். ஆட்டம் வேகமானது, ஆனால் நடுவர் சரியில்லாத இடத்தில் ஆட்டமும் சரியில்லாமல் போகும்.

நம் ஆட்டத்திலும் அதே கதைதான், வரிசை மட்டும் தலைகீழ். 1974-இல் இந்த வகை ஆட்டங்களின் முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது விதிகளில் பாதிக்குப் பாதி ஓட்டை. அடைப்பது ஜிஎம்மின் வேலை. அடுத்த வருடமே ஆரிஜின்ஸ் என்ற ஆட்ட மாநாட்டில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் ஒரு சுரங்கத்தைப் போட்டியாக வைத்து ஆடினார்கள். ஒரே சுரங்கத்தில் பல குழுக்களை இறக்கிவிட்டு யார் சிறப்பாக ஆடினார்கள் என்று ஒப்பிட வேண்டுமென்றால், எல்லா மேசையிலும் குழியின் ஆழம் ஒன்றாக இருக்க வேண்டுமே. 1980-இல் ஆர்பிஜிஏ என்ற ரோல்பிளே ஆட்டக்காரர்களின் சங்கம் வந்தது, 2008-இல் பாத்ஃபைண்டர் சொசைட்டி, 2014-இல் அட்வென்ச்சரர்ஸ் லீக். சீர்மை வேண்டும் என்ற கவலையும் கூடவே வளர்ந்தது.

அந்தக் கவலை எல்லை மீறிய ஒரு காலத்தையும் பார்த்தோம். 2018-இல் அட்வென்ச்சரர்ஸ் லீக் தன் எட்டாவது பருவத்தில் பரிசு முறையையே மாற்றியது. ஆடிய நேரத்துக்கு இத்தனை புள்ளி, புள்ளியைச் சேர்த்து மந்திரப் பொருளை வாங்கிக்கொள்ளலாம். கதையில் கிடைக்கும் தங்கம் கேரக்டரின் கணக்கில் சேராது. கஞ்ச ஜிஎம், தாராள ஜிஎம் என்ற பேதம் ஒழியும் என்பது எண்ணமாக இருந்திருக்கலாம். ஒழிந்தது என்னவோ பெட்டியைத் திறக்கும் ஆசை. பொற்காசுகள் மின்னுகின்றன என்று ஜிஎம் வர்ணிப்பார், மேசையில் ஒருவரும் அசைய மாட்டார்கள். அடுத்த பருவத்தில் அந்த முறையைக் கைவிட்டார்கள். தப்பு என்று தெரிந்ததும் மாற்றியதற்குப் பாராட்டு உண்டு.

சரி, ஜிஎம்மின் கையைக் கட்டாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். மறுபக்கத்திலும் எனக்கு அடி விழுந்திருக்கிறது.

வெளியூரில் ஒரு மேசை. நான் வில்லாளி. இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தது. தவறிவிட்டது என்று நினைத்தேன். ஜிஎம் சிரித்தபடி, "நாண் அறுந்துபோச்சு" என்றார். அது எந்தப் புத்தக விதி என்று கேட்டேன். "இது என் டேபிள் ரூல்." மற்ற நான்கு பேரும் அவருடைய வாடிக்கை ஆட்டக்காரர்கள், அவர்களுக்கு இது பழக்கம். எனக்கு மட்டும்தான் புதுசு. வில் இல்லாத வில்லாளி கத்தியோடு முன்னால் போனால் என்ன ஆகும்? செத்தேன். நாண் அவருடைய சொந்தச் சரக்கு, சாவு மட்டும் அதிகாரபூர்வமாகத் தாளில் ஏறியது.

கோபம் ஆறிய பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றில் ஒருமுறை எய்கிற கற்றுக்குட்டிக்கு ஒன்று விழும் வாய்ப்பு 5 சதவீதம். நான்கு முறை எய்கிற கைதேர்ந்தவனுக்கு, நான்கில் ஒன்றாவது ஒன்றாக விழும் வாய்ப்பு 18.5 சதவீதம். ஐந்து சுற்று ஓடும் சண்டையில் அது 64 சதவீதம். அதாவது வில்வித்தையில் தேறத் தேற நாண் அறுப்பதிலும் தேறிவிடுகிறோம். ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் ஒன்று விழுந்தால் ஆயுதம் உடையும் என்று எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அவசரத்தில் சுவாரசியத்துக்காகச் சேர்க்கும் விதி இப்படி யாரையாவது குறிவைத்து அடித்துவிடும், சேர்த்தவருக்கே தெரியாது.

தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. வீட்டுக்கு வீடு ஒரு சட்டம். அத்தை வீட்டில் காய் வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போக முடியாது, பெரியம்மா வீட்டில் போகலாம். ஆனால் யார் வீட்டில் உட்கார்ந்தாலும் சோழியைக் கையில் எடுக்கும் முன்பே கேட்டுவிடுவோம்: வெட்டு உண்டா, வெட்டினால் மறு ஆட்டம் உண்டா? ஆட்டத்தின் நடுவில் புதுச் சட்டம் பேசுகிறவனை அழுகுணி என்போம். எட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்த முறை உங்கள் வழிகாட்டிகளில் ஏன் கட்டாயமாக இல்லை?

இதற்கு முன்மாதிரி உங்களிடமே இருக்கிறது. பாத்ஃபைண்டர் சொசைட்டியின் முதல் பதிப்பில், ஒரு கேரக்டர் தன் அறநெறிக்கு மாறாக நடந்தால் ஜிஎம் உடனே தண்டித்துவிட முடியாது. "இதைச் செய்தால் உன் நெறி மாறும்" என்று முதலில் எச்சரிக்க வேண்டும். எச்சரித்த பிறகும் செய்தால் அது ஆட்டக்காரர் தெரிந்தே எடுத்த முடிவு. ஜிஎம்மின் அதிகாரம் இங்கே துளியும் குறையவில்லை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறது, அவ்வளவுதான்.

இனி என் குற்றம். சில வருடங்களுக்கு முன் ஜிஎம்மாக, ஆட்டக்காரர்கள் பார்க்க முடியாதபடி மறைப்புத் திரைக்குப் பின்னால் பகடை உருட்டிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த ஒருவரின் வீரன்மீது என் பூதம் கோடரி வீசியது. பகடையில் இருபது, பலத்த அடி. சேதத்தைக் கூட்டினால் ஆள் அங்கேயே காலி. முகத்தைப் பார்த்தேன், "பன்னிரண்டு, தப்பிச்சீங்க" என்றேன். நல்லது செய்த திருப்தியோடு வெளியே வந்தால், பக்கத்து மேசையில் அதே சினாரியோ, அதே பூதம், ஒரு கேரக்டர் செத்திருக்கிறது. அந்த ஜிஎம் எல்லோர் கண் முன்னாலும் உருட்டுகிறவர். என் மேசையில் உயிரோடு எழுந்தவரும் அந்த மேசையில் செத்தவரும் ஒரே தாளைத்தான் நிரப்பினார்கள். நான் காட்டியது கருணை என்றால், அதன் செலவை யார் தலையில் கட்டினேன்? அன்றிலிருந்து உயிரைப் பறிக்கக்கூடிய பகடையைத் திரைக்கு வெளியேதான் உருட்டுகிறேன். பூதம் யாரைத் தாக்கும், தப்பி ஓடுமா, சரணடையுமா என்பதெல்லாம் உருட்டும் முன் என் இஷ்டம். அன்றைக்கும் பூதத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தால் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அடுத்த பதிப்புக்கு உட்காரும்போது கோட்டை இந்த இடத்தில் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. மேசையை விட்டு வெளியே போகும் எதுவும் (புள்ளி, தங்கம், மந்திரப் பொருள், சாவு) உங்கள் கையில் இருக்கட்டும். அதில் எங்களுக்கு ஒரு அங்குலமும் வேண்டாம். கூடத்துக்குள் நடப்பதை எங்களிடம் விடுங்கள்: காவலாளி எங்கே நிற்கிறான், மணிச்சத்தம் கேட்டால் என்ன செய்வான், எண்ணெயில் வழுக்கினால் என்ன ரோல். விட்டதை முதல் பக்கத்தில், இரண்டு மூன்று உதாரணங்களோடு, தடைகளுக்கு முன்னால் அச்சிடுங்கள். அட்வென்ச்சரர்ஸ் லீக் சாகசங்களில் குழு பலவீனமாக இருந்தால் இந்த எதிரியைக் குறை, பலமாக இருந்தால் கூட்டு என்று ஓரத்தில் ஒரு பெட்டி போடுகிறார்களே, அதுபோல உத்திக்கும் ஒரு பெட்டி போதும்: "சத்தம் கேட்டால்", "பேசிப் பார்த்தால்", "தீ வைத்தால்". பயந்த ஜிஎம்முக்கு அந்த மூன்று வரியே பெரிய துணை.

அப்புறம், முதல் பகடைக்கு முன் ஒரு நிமிடம். பகடை திறந்தா மறைத்தா, போன் மேசைமேல் இருக்கலாமா, எத்தனை மணிக்கு முடிப்போம், எக்ஸ் கார்டு (கதையில் ஏதாவது சங்கடப்படுத்தினால் நிறுத்தச் சொல்லித் தொடும் அட்டை) எங்கே இருக்கிறது, அதைத் தொட்டால் காரணம் கேட்க மாட்டோம் என்பது, ஜிஎம்முக்கென்று ஏதாவது வழக்கம் உண்டா என்பது. இவ்வளவையும் வாய்விட்டுச் சொல்வதைக் கட்டாயமாக்குங்கள். சொல்லாத டேபிள் ரூல் அன்றைக்குச் செல்லாது. சொன்னாலும் கேரக்டரின் பொருளையோ உயிரையோ பறிக்கிற சொந்தச் சட்டம் எந்த மேசையிலும் கூடாது.

கடைசியாக, பரிசுத் தாளில் ஒரே ஒரு கோடு இடம் விடுங்கள். ஒரு சாவு புத்தக விதியால் இல்லாமல் ஜிஎம்மின் தீர்ப்பால் நடந்திருந்தால், என்ன தீர்ப்பு என்று அவர் கைப்பட எழுதட்டும். தகராறு வந்தால் அந்த வட்டார ஆட்டங்களைக் கவனிக்கும் வென்ச்சர் கேப்டனுக்கு இரண்டு தரப்பின் ஞாபகத்தைத் தவிர வேறு ஆதாரமும் இருக்கும். "நாண் அறுந்தது" என்று எழுத வேண்டியிருந்தால், என் வில்லை அவர் விட்டுவைத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணை மூன்று மாதம் கழித்து அதே கடையில் பார்த்தேன். போர்டு கேம் அலமாரிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ரோல்பிளே மேசைக்கு வரலையா என்று கேட்டேன். "அதுல நாம என்ன பண்ணாலும் அவங்க எழுதி வச்சதுதானே அங்கிள் நடக்குது" என்றாள். அப்படி இல்லம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குத் திறந்து காட்ட என் கையில் ஒரு பக்கம் இல்லை.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை ஜிஎம் ஒருவன்