எழுத்தாணியும் சாய்ந்த அம்பும்

அன்பு மாப்ள,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மாற்றல் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், "எங்கடா போச்சு அந்த அம்பு?" என்று மவுஸை வைத்து மேஜையை உழுகிறார்.

அதனால் கர்சரை, அதாவது அந்த அம்பின் படத்தை, மாற்றும் வேலையில் இறங்கினேன். பிரவுசிங் சென்டரில் விண்டோஸ் எக்ஸ்பியில் மணல்கடிகாரத்தைத் தூக்கிவிட்டு டைனோசரை வைத்தோமே, நினைவிருக்கிறதா? அப்புறம் நீ இலவச கர்சர் என்று எதையோ இறக்கிவைத்து, கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

இப்போது கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மின்ட். ரெடிமேட் கர்சர் தீம் (படத் தொகுப்பு) ஒன்றை எடுத்துப் போட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. கை சும்மா இருக்குமா? எழுத்தாணி ஒன்று வரைந்தேன். 32க்கு 32 பிக்சல், கூர்முனை கீழே இடது பக்கம். பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் ஒரு ஃபைலைக் கிளிக் செய்தால் மேல் வரியில் இருப்பது திறக்கிறது! அரை நாள் மவுஸைத் திட்டினேன். படம் எவ்வளவு பெரிதானாலும் கிளிக்கை வாங்குவது ஒரேயொரு புள்ளிதான்; ஹாட்ஸ்பாட் என்கிறார்கள். நான் அதை 0, 0 என்று விட்டிருந்தேன், அதாவது இடது மேல் மூலை. முனை இருந்ததோ 2, 29-இல், அதாவது இடமிருந்து 2, மேலிருந்து 29.

இன்னொரு கூத்து, ஒரே அம்பை ஒவ்வொரு புரோகிராமும் ஒவ்வொரு பெயரில் கேட்கிறது. ஒரே படத்தைப் பல பெயர்களில் காட்டும் சிம்லிங்க் போட்டே கை ஓய்ந்தது. வரையாததையெல்லாம் டிஎம்இசட் ஒயிட் என்ற ரெடிமேட் தீமிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி, என் தீம் ஃபைலில் இன்ஹெரிட்ஸ் என்ற வரியில் எழுதிவிட்டேன்.

அப்பா பார்த்துவிட்டு, "எழுத்தாணி சரி, ஓலை எங்கே?" என்றார். கடைசியில் அவருக்குப் பிடித்தது 48 அளவில் சாதாரணக் கறுப்பு அம்பு. "அது ஏன் சாய்ஞ்சே இருக்கு?" என்று ஒரு கேள்வி வேறு. மவுஸைக் கண்டுபிடித்த எங்கல்பர்ட் 1968-இல் அதைக் காட்டியபோது அம்பு நேராகத்தான் நின்றது; பிறகு ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரர்கள் சாய்த்தார்கள். அன்றைய திரையில் புள்ளிகள் குறைவு. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் 45 டிகிரி என்றால் கோடு பிசிறில்லாமல் தெரியும். சொன்னேன், தலையாட்டிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

எழுத்தாணி இப்போது என் கணினியில் இருக்கிறது. உனக்கும் அனுப்புகிறேன். போட்டதும் ஒருமுறை லாக் அவுட் செய்துவிடு, இல்லாவிட்டால் சில ஜன்னல்களில் பழைய அம்பே நிற்கும்.

உன் பழைய அறைத்தோழன்