எச்சில் குழாய் வாங்குவதற்கு முன்: எங்கள் சமூகச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அண்ணாச்சிக்கும், பொருளாளருக்கும், மற்ற நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

போன மாதப் பொதுக்குழுவில் நானும் இருந்தேன். பின் வரிசை, மின்விசிறி ஓடாத பக்கம். பேச வேண்டும் என்று கையைத் தூக்கினேன், மைக் என்னிடம் வருவதற்குள் முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். அப்புறம் சங்க முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன், பத்து நிமிடத்தில் நீக்கிவிட்டீர்கள். சரி, ஊரறிய எழுதிவிடுவோம் என்றுதான் இது.

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஃபிளெக்ஸை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இடது ஓரத்தில் ஒரு கல் கோடரி, வலது ஓரத்தில் நம் கொடி, நடுவில் ஆப்பிரிக்காவில் கிளம்பி நேராக மதுரையில் வந்து குத்தி நிற்கிற ஒரு தடித்த சிவப்பு அம்பு, அதற்குக் கீழே "50,000 ஆண்டு மூத்த குடி, கலப்பில்லாத ரத்தம்". இதை நிரூபிக்க வீட்டுக்கு 1,000 ரூபாய் வசூலித்து, நூறு பேருடைய எச்சிலை மரபணுச் சோதனைக்கு அனுப்பி, முடிவைப் புத்தகமாகப் போடுவது என்று தீர்மானம். கைதட்டல் பலமாக இருந்தது. நான் விஞ்ஞானி இல்லை, பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவன். மெண்டலின் பட்டாணியைக் கரும்பலகையில் வருஷா வருஷம் வரைந்து பழகிய கை, அன்றைக்குத் தட்ட மறுத்துவிட்டது.

முதலில் அந்தக் கோடரி. அது திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த மாதிரிக் கருவியின் படம். அங்கே சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் தோண்டி, அந்தக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று 2011-ல் வெளியிட்டார்கள். பெருமைப்பட வேண்டிய கண்டுபிடிப்புதான். ஆனால் நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்பே, மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்தது, சுமார் 3 லட்சம் ஆண்டுதான். அந்தக் கோடரியைச் செதுக்கியவர் நம் தாத்தா இல்லை, அவருக்குக் கொடி கிடையாது, நம் மாதிரி நெற்றிகூட இருந்திருக்காது. அத்திரம்பாக்கத்தில் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை என்பதால் அவர் எந்த இனத்து மனிதர் என்று பெயர் சொல்லவும் முடியாது. அவரைப் பிடித்து நம் உறுப்பினர் பட்டியலில் சேர்ப்பது கொஞ்சம் அதிகம்.

அடுத்தது அந்த அம்பு. இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பனும், அமெரிக்காவின் ஸ்பென்சர் வெல்ஸும் நம் வட்டாரத்து ரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, மதுரைப் பக்கம் ஜோதிமாணிக்கம் என்ற சிற்றூரில் எம்130 என்ற மரபணு அடையாளம் ஒருவரிடம் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதி மனிதர்களின் தடம் அது என்று சொன்னார்கள். அருமையான வேலை. அவர்கள் சொன்னது அவ்வளவுதான். "இந்தியாவின் முதல் மனிதர் எங்கள் ஊர்க்காரர், எங்கள் சாதிக்காரர்" என்று ஆக்கியது நாம். அதே எம்130-ன் கிளைகள் மங்கோலியாவில் ஏராளம், ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உண்டு. அதை வைத்துச் சொந்தம் கொண்டாடினால் அடுத்த பொதுக்குழுவுக்கு மங்கோலியாவுக்கும் பத்திரிகை வைக்க வேண்டியிருக்கும், பந்தி தாங்காது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லி மாளாது. எம்130 இருப்பது ஒய் குரோமோசோமில். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். நம் இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் இனிஷியல் என் அப்பா பெயர், அவர் இனிஷியல் அவர் அப்பா பெயர். இப்படியே மேலே போனால் ஒரே ஒரு ஆண் வரிசைதான் தெரியும், அம்மா தெரிய மாட்டாள், அம்மாவின் அப்பா தெரிய மாட்டார், என்னைத் தூக்கி வளர்த்த அப்பத்தாவே தெரிய மாட்டாள். பத்துத் தலைமுறை மேலே எனக்கு 1,024 மூதாதையர். அதில் ஒய் குரோமோசோம் ஒருவரைப் பற்றிச் சொல்லும். அம்மா வழியில் மட்டும் வருகிற மைட்டோகாண்ட்ரியா இன்னொருவரைப் பற்றிச் சொல்லும். மிச்சம் 1,022 பேர்? அவர்கள் இந்த அம்பில் எங்கேயும் இல்லை. முப்பது தலைமுறை போனால் கணக்கு 107 கோடியைத் தாண்டுகிறது, அதாவது சுமார் 750 ஆண்டுக்கு முன்னால், அன்றைக்கு உலகத்தில் அத்தனை பேரே கிடையாது. அப்படியானால் ஒரே ஆள் பல வழியில் நமக்குத் தாத்தாவாக வருகிறார் என்று அர்த்தம். அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொண்ட நம் வீடுகளில் இன்னும் அதிகமாகவே வருவார். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்போது "கலப்பில்லாத ரத்தம்". இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஹைதராபாத்தில் செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சி.சி.எம்.பி.யில் லால்ஜி சிங்கும் தங்கராஜும், ஹார்வர்டில் டேவிட் ரைக்கின் குழுவும் சேர்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியாவின் குழுக்கள் ஏறக்குறைய எல்லாமே இரண்டு பழைய மக்கள்திரள்களின் கலவை, ஒவ்வொரு குழுவிலும் விகிதம்தான் மாறுகிறது என்பது அதன் சாரம். அந்தமானின் ஓங்கே போன்றவர்கள் மட்டும் விலக்கு, ஆக அந்தச் சுவரொட்டியை ஒட்டுவதற்கு அவர்களுக்குத்தான் ஓரளவு உரிமை, அவர்களோ ஒட்டவில்லை. 2013-ல் அதே குழு அந்தக் கலப்பு எப்போது நடந்தது என்று கணக்கிட்டது. சுமார் 4,200 ஆண்டுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுக்கு முன்பு வரை. மேல் சாதி, கீழ் சாதி, காட்டுக்குள் இருந்தவர்கள் என்று பாராமல் கலந்திருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் கதவு சாத்தப்பட்டிருக்கிறது, அவரவர் குழுவுக்குள்ளேயே கல்யாணம் என்று ஆகியிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள் அண்ணாச்சி. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி இரண்டாயிரம் தலைமுறைக்கு மேல் ஆகிறது. அதில் இந்தக் கதவு சாத்திக் கிடப்பது கடைசி எழுபது தலைமுறையாக. அதைத்தான் "50,000 ஆண்டு, கலப்பில்லாத ரத்தம்" என்று ஃபிளெக்ஸில் போட்டிருக்கிறோம்.

அதற்கும் முந்தைய கலப்பு ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கிற எல்லாருடைய மரபணுவிலும் 2 விழுக்காடு அளவுக்கு, அழிந்துபோன வேற்று மனித இனமான நியாண்டர்தால் மனிதர்களுடையது. இதைக் கண்டுபிடித்த ஸ்வான்டே பாபோவுக்கு 2022-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கொரோனா வந்தால் நிலைமை மோசமாகும் அபாயத்தைக் கூட்டுகிற ஒரு மரபணுத் துண்டு அவர்களிடமிருந்து நமக்கு வந்தது, தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது இருக்கிறது என்று 2020-ல் அவரும் ஹுகோ ஸெபெர்க்கும் எழுதினார்கள். சாதி என்ன சாதி, வேற்றினத்து மனிதரோடேயே நம் பாட்டிமார்களும் பாட்டன்மார்களும் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் ராக்கிகடியைப் பற்றிப் பேசினார். "சிந்துவெளிப் பெண்ணின் மரபணு நம்முடையது என்று நிரூபித்துவிட்டார்கள்" என்றார். அரியானாவில் உள்ள அந்த ஊரில், அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளில் முயன்று, வெயிலும் ஈரமும் தின்றது போக, ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் படிக்கிற அளவுக்கு மரபணு கிடைத்தது, அதுவும் காதுக்கு உள்ளே இருக்கிற கெட்டி எலும்பிலிருந்து. 2019-ல் வெளியான அந்தக் கட்டுரைப்படி, ஈரான் பக்கத்துப் பழைய மக்களோடு தொடர்புடைய வம்சமும், தெற்காசியாவின் ஆதி வேட்டுவர் வம்சமும் அவளிடம் கலந்திருந்தன. மத்திய ஆசியப் பக்கத்துப் புல்வெளி மேய்ச்சல்காரர்களின் வம்சம் இல்லை, அவர்கள் அதற்கப்புறம் வந்தவர்கள். அவளுடைய ஆட்களின் பங்கு இன்றைக்குத் தெற்காசியாவில் பெரும்பாலோரிடம் இருக்கிறது. நம்மிடமும் இருக்கிறது, நாம் வாசலில் உட்கார வைத்தவர்களிடமும் இருக்கிறது. அவள் என்ன மொழி பேசினாள் என்று எலும்பில் எழுதியிருக்காது. எனக்கும் அது தமிழுக்கு உறவான மொழியாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைதான். ஆசையைப் புத்தகமாகப் போடக் கூடாது.

நாகரிகம், நாகரிகம் என்று மேடையில் இருபது தடவையாவது சொல்லியிருப்பீர்கள். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் சின்ன உருளை முத்திரை ஒன்று இருக்கிறது, நாலாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது, மெசப்பொட்டேமியாவைச் சேர்ந்தது. அதன் சொந்தக்காரர் பெயர் ஷூ-இலிஷு, தொழில்: மெலுகா மொழிபெயர்ப்பாளர். மெலுகா என்பது சிந்துவெளிதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அதாவது அந்தக் காலத்து நகரத்தில் வேற்று நாட்டு ஆட்களோடு பேசுவதற்கென்றே சம்பளக்காரர் ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். நம் கீழடிக்கே வாருங்களேன். கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குப் போகிறது என்று 2019-ல் மாநிலத் தொல்லியல் துறை அறிவித்தபோது நான் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துக்கொண்டு போனேன். வடக்கேயிருந்து வந்த சூதுபவள மணி அங்கே கிடைத்திருக்கிறது. பானை ஓட்டில் தமிழி என்ற பழைய எழுத்தில் பெயர்கள் கீறியிருக்கின்றன, 'ஆதன்' என்று ஒரு ஓடு. என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான், "சார், ஆதன் என்ன ஆளுங்க?" ஓட்டில் பெயர் மட்டும்தான் இருக்கிறது தம்பி என்றேன்.

பெங்களூரில் இருக்கிற என் சித்தப்பா மகன் ஆசைப்பட்டு இந்த எச்சில் சோதனை செய்தான். அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, குழாயில் கோடு வரைக்கும் துப்பி அனுப்ப வேண்டும், நுரை கணக்கில் சேராது. முடிவில் அவனுக்கு ஏதோ ஒரு நாட்டு வம்சம் 3 விழுக்காடு என்று வந்தது, ஆறு மாதம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான். அப்புறம் கம்பெனி தன் தகவல் திரட்டைப் புதுப்பித்தது, அந்த 3 விழுக்காடு காணாமல் போய்விட்டது. எச்சில் அதே எச்சில்தான். இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்களில் யாரோடு ஒத்துப்போகிறாய் என்று அவர்களிடம் இருக்கிற பட்டியலை வைத்துச் சொல்கிறார்கள், பட்டியல் மாறினால் பதிலும் மாறும். இதற்கா வீட்டுக்கு 1,000 ரூபாய்?

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். பொதுக்குழுவில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் நம் உறவுக்காரப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பிறவியிலேயே காது கேளாது. அவன் தம்பிக்கும் கேளாது. பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்கள். அவன் அந்த அம்பைக் காட்டி என்ன என்று கையால் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரே தாத்தா இரண்டு வழியிலும் வந்தால், அவரிடமிருந்து அப்பாவிடம் ஒரு மரபணுவின் பழுதான பிரதி, அம்மாவிடம் அதே பழுதான பிரதி வந்திருக்கலாம், இருவருக்கும் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, இரண்டும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர. பத்தாம் வகுப்புப் பட்டாணிக் கணக்குதான் இது. அவர்கள் வீட்டு விஷயத்தில் காரணம் இதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, அதற்குச் சோதனை வேண்டும். அவர்களுக்கு அப்படி ஒரு சோதனை இருப்பதை யாரும் சொன்னதில்லை.

மேலே சொன்ன ஹைதராபாத், ஹார்வர்ட் ஆய்வுக் குழுதான் 2017-ல் தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்து, அதில் 81 குழுக்களில் "சில பேரிலிருந்து பெருகி, தமக்குள்ளேயே கட்டிக்கொண்ட" தடம் பின்லாந்துக்காரர்களையும், ஐரோப்பிய வழி வந்த அஷ்கநாசி யூதர்களையும் விட ஆழமாக இருக்கிறது என்று சொன்னது. அரிய மரபு நோய்களுக்கு உலகமே உதாரணமாகக் காட்டுகிற இரண்டு சமூகங்கள் அவை. ஆந்திராவில் ஒரு வணிகச் சமூகத்தில், அறுவை சிகிச்சைக்கு முன்னால் கொடுக்கும் ஒரு தசை தளர்த்தும் மருந்தை உடைக்கிற நொதி இல்லாதவர்கள் மற்றவர்களைவிட அதிகம் என்பது மயக்க மருந்து மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. யூதர்கள் என்ன செய்தார்கள்? 1970-களிலிருந்து கல்யாணத்துக்கு முன்னால், பிள்ளை பெறுவதற்கு முன்னால் இரத்தம் பார்த்து, டே-சாக்ஸ் என்ற கொடிய குழந்தை நோயைத் தங்கள் சமூகத்தில் வெகு அரிதாக்கிவிட்டார்கள். அதற்கு முன்னால் நின்றவை அவர்களுடைய சமூக அமைப்புகளே.

அதனால் என் கோரிக்கை. வசூலை நிறுத்த வேண்டாம், நானே இரண்டு பங்கு தருகிறேன். தீர்மானத்தை மட்டும் மாற்றுங்கள். அந்தப் பணத்தில் ஒரு மரபியல் ஆலோசகரை மாதம் ஒரு நாள் நம் மண்டபத்துக்கு வரவழையுங்கள். ஒரே குறை இரண்டு பிள்ளைகளுக்கு இருக்கிற வீடுகள் முதலில் போகட்டும், முடிவு அந்த வீட்டாரிடம் மட்டும் இருக்கட்டும், புத்தகம் வேண்டாம். பிறந்த குழந்தைக்குச் செவித்திறன் சோதனை செய்யச் சொல்லி ஒரு துண்டுப் பிரசுரம் போடுங்கள். நம் திருமணத் தகவல் மையப் படிவத்தில் நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் கேட்கிறோம், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்குச் சோதனை பார்த்தாயிற்றா என்று ஒரு வரி சேர்ப்பதில் என்ன கஷ்டம்? அதே படிவத்தின் மேலே "நம்மவர் மட்டும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அதை எடுக்கச் சொன்னால் அடுத்த பொதுக்குழுவில் எனக்கு நாற்காலியே இருக்காது என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன், எடுங்கள்.

அந்த ஃபிளெக்ஸைத் தூக்கிப் போடுவதாக இருந்தால் எனக்குக் கொடுங்கள். பள்ளி ஆய்வகச் சுவரில் இடம் இருக்கிறது. பிள்ளைகளிடம் மார்க்கர் கொடுத்து, விட்டுப்போன அம்புகளை வரையச் சொல்லப் போகிறேன். எட்டுக்குப் பத்து அடி, போதுமா என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஆயுள் சந்தா கட்டி ரசீதும் வைத்திருக்கிற ஓர் உறுப்பினர்