மார்ஃபிங்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பெண்ணை யாரோ 'உன் படத்தை மார்ஃபிங் பண்ணிப் போட்டுவிடுவேன்' என்று மிரட்டுவதாகச் சொன்னாய். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

கிரேக்கத்தில் 'மார்ஃபே' என்றால் உருவம். புழு பட்டாம்பூச்சியாவதை 'மெட்டமார்ஃபோசிஸ்' என்று படித்திருப்பாய். அதில் தலையையும் வாலையும் நறுக்கினால் மிஞ்சுவது 'மார்ஃப்'. 1980-களில் சினிமா கிராஃபிக்ஸ்காரர்கள் அதை வினைச்சொல்லாகப் புழங்கினார்கள். 1988-இல் வந்த 'வில்லோ' படத்தில் ஒரு மிருகம் இன்னொரு மிருகமாகி, கடைசியில் பெண்ணாகும். மார்ஃபிங் செய்ய, இரண்டு உருவத்தின் போட்டோவிலும் கண், மூக்கு, வாயோரம் என்று புள்ளி வைத்து, இந்தப் புள்ளியை அந்தப் புள்ளிக்கு மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். முதல் படம் மங்க மங்க, இரண்டாவது தெளியும். பொறுமையான, அழகான வேலை அது.

நம் பேப்பர்களில் மார்ஃபிங் என்று வருவது பெரும்பாலும் அது இல்லை. ஒருத்தர் தலையை வெட்டி இன்னொரு உடம்பில் ஒட்டுவது. சிம்மக்கல்லில் நம் ஸ்டுடியோவில் நானும் வெட்டி ஒட்டுகிறவன்தான். இறந்துபோன தாத்தாவைக் கல்யாண குரூப் போட்டோவில் நிற்க வைக்கச் சொல்லி வருவார்கள். ஆல்பத்தைத் திறந்ததும் கடையிலேயே அழுதுவிடுவார்கள். அதே சாஃப்ட்வேரை வைத்து ஒரு பெண்ணை மிரட்டுகிறான் என்றால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இப்போது ஏ.ஐ. வந்தபின் அதற்குக் கைத்திறன்கூடத் தேவையில்லை.

சரி, அந்தப் பெண்ணிடம் சொல். பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். மெசேஜை அழிக்கவே கூடாது. அவன் நம்பர், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். 1930-க்கு போன் போட்டு சைபர் கிரைமில் புகார் கொடுக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில், பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டும் படத்தை இணையத்தில் பரப்பினால் முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை. அதே சட்டத்தின்கீழ் 2021-இல் வந்த விதிகளில் 'மார்ஃப்' செய்த படம் என்றே குறிப்பிட்டு, புகார் வந்தால் தளங்கள் அதை நீக்க 24 மணி நேரம் கெடு வைத்தார்கள். சட்டத்திலேயே ஏறிவிட்ட சொல் அது. வெட்கப்பட வேண்டியவன் அவன், அவள் இல்லை.

உனக்கு அப்படி ஒன்று வந்தாலும் எந்நேரமானாலும் முதலில் எங்களிடம் சொல்லு, தாயி. அம்மாவும் இதையேதான் சொல்கிறாள்.

வீட்டில் திட்டுவார்கள் என்று அந்தப் பெண் பயந்தால், அவள் சம்மதத்தோடு அவள் அப்பா நம்பரை அனுப்பு. கடை சாத்தியதும் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா
மதுரை