ஏழாம் வகுப்பின் அலாஸ்கா ப்ராஜெக்ட்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் நாய், பனி, அலாஸ்கா என்றே பேசிக்கொண்டிருப்பார்கள். "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்று சிலர் வாட்ஸப் குழுவில் கேட்டிருந்தீர்கள். வராது. ஆனால் பரீட்சைக்கு வருகிற பல விஷயங்களை இந்த ப்ராஜெக்டுக்காகப் பிள்ளைகள் தாங்களாகவே தேடிப் படிக்கிறார்கள், அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 1973 முதல் நடக்கும் இடிடராட் என்ற பந்தயம்தான் அவர்கள் எடுத்துக்கொண்டது. நாய்கள் பூட்டிய சறுக்கு வண்டியில், ஆங்கரேஜ் நகரத்துப் பக்கமிருந்து பெரிங் கடலோரத்து நோம் வரை, மலை, உறைந்த ஆறு, உறைந்த கடல் எல்லாம் தாண்டி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் போக வேண்டும். வண்டியோட்டியை அங்கே மஷர் என்கிறார்கள். பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைல் வந்த பிறகு ஊர் ஊராக நாய் வண்டிகள் காணாமல் போனதைப் பார்த்து, அந்தப் பழக்கம் அழியக்கூடாது என்று ஜோ ரெடிங்டன் என்பவர் முன்நின்று தொடங்கிய பந்தயம் இது. முதல் ஆண்டு வென்றவருக்கே இருபது நாள் ஆனது. 2017 இல் மிட்ச் சீவி எட்டு நாள் மூன்று மணி நேரத்தில் முடித்தார்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு பிள்ளைகள் சராசரி வேகம் கணக்குப் போட்டார்கள். மணிக்கு எட்டு கிலோமீட்டர் சொச்சம் வந்தது. "சைக்கிளே இதைவிட வேகமாகப் போகுமே, கணக்கு தப்பு" என்று வகுப்பு முழுக்கச் சண்டை. அப்புறம் தேடிப் பார்த்ததில், ஒவ்வொருவரும் ஓரிடத்தில் 24 மணி நேரமும், வேறு இரண்டு இடங்களில் எட்டெட்டு மணி நேரமும் கட்டாயம் நின்றே ஆக வேண்டும் என்று விதி இருப்பது தெரிந்தது. அதைக் கழித்து மறுபடி போட்டார்கள். அதற்கு மேலும் வழியில் நாய்களுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டேதான் போவார்கள் என்று தெரிந்ததும், அதை எப்படிக் கழிப்பது என்று அவர்களே கேட்டார்கள். நான் பார்த்தவரையில் சராசரி என்றால் என்ன என்பதை இந்த வகுப்பு அன்றைக்குத்தான் உண்மையாகப் புரிந்துகொண்டது.

1925 கதை வீட்டுக்கும் வரப்போகிறது, தயாராக இருங்கள். அந்தக் குளிர்காலத்தில் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய் பரவியது. கப்பலும் போக முடியாது, விமானத்தையும் நம்ப முடியாது. அலாஸ்காவின் நெனானா ஊர் வரை ரயிலில் வந்த மருந்தை அங்கிருந்து 20 நாய் வண்டியோட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி, 1,000 கிலோமீட்டருக்கு மேல், ஐந்தரை நாளில் கொண்டு சேர்த்தார்கள். இதில் மிக நீளமான, மிக ஆபத்தான பகுதியை ஓடிய குழுவுக்கு முன்னால் ஓடி வழிகாட்டிய நாய் டோகோ. கடைசிப் பகுதியை ஓடிய பால்டோ என்ற நாய்க்கு அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்துவிட்டார்கள். டோகோவுக்கு அநியாயம் நடந்துவிட்டதாகப் பிள்ளைகள் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். அதே நோய்க்கு நம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம் இல்லையா, அந்த அட்டையை எடுத்துக் காட்டச் சொல்வார்கள். தயவுசெய்து தேடி எடுத்துக் காட்டுங்கள், எந்த வயதில் எது போட்டது என்று கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

இனி நான் முக்கியமாகக் கேட்க நினைப்பது. பந்தயத்தில் ஓடும் நாய்கள் சில ஆண்டுகளில் இறந்திருக்கின்றன. இது கொடுமை, நிறுத்த வேண்டும் என்று விலங்கு நல அமைப்புகள் போராடுகின்றன, விளம்பரம் கொடுத்த சில பெரிய நிறுவனங்களும் விலகிவிட்டன. இன்னொரு பக்கம், பந்தயத்துக்கு முன்பே நாய்களுக்கு ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுக்கிறார்கள், ஒவ்வொரு செக்பாயிண்டிலும் கால்நடை மருத்துவர்கள் பார்க்கிறார்கள், களைத்த நாயை அங்கேயே இறக்கிவிட்டு மற்றவற்றோடு தொடரலாம். ஓடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாய்கள் என்பது மஷர்களின் வாதம். எது சரி என்று ஆசிரியர் சொல்லப்போவதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். பிள்ளை ஒரு பக்கம் சொன்னால் "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேளுங்கள், போதும். நாயிடம் சம்மதம் கேட்க முடியாதே என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல பெரியவர்களான நாங்களே ரொம்ப நேரம் யோசித்தோம்.

அதனால்தான் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து ஒட்டிய சார்ட் வேண்டாம் என்கிறேன். அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதில் பிள்ளை எங்கேயும் இருக்காது. வரைபடம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. அண்ணன், அக்கா, டியூஷன் ஆசிரியர் யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாம். மதிப்பெண் பிள்ளை பேசுவதற்குத்தான், தாளுக்கு இல்லை. 1985 இல் மற்றவர்கள் புயலுக்குப் பயந்து தங்கிவிட, தனியாக உறைந்த கடல்மீது கிளம்பிப் போய் பெண்களில் முதலாவதாக வென்ற லிபி ரிடில்ஸைப் பற்றி ஒரு மாணவி குறிப்பெடுத்திருக்கிறாள். நான் நடுவில் கேள்வி கேட்டால்கூடப் பேப்பரைப் பார்க்காமல் பதில் சொல்கிறாள். எல்லாப் பிள்ளைகளாலும் இது முடியும்.

பந்தயம் மார்ச் முதல் சனிக்கிழமை தொடங்கும். அங்கே காலை பத்து மணி என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை, ஞாயிறு பிறந்திருக்கும். விழித்திருக்க அனுமதிக்க வேண்டாம். யார் எந்த செக்பாயிண்டுக்கு எப்போது வந்தார்கள், எத்தனை நாய்களோடு கிளம்பினார்கள் என்ற விவரம் உடனுக்குடன் வெளியாகும், அதைத் தினமும் காலையில் பள்ளிக் கணினியிலேயே பார்த்து வகுப்பு வரைபடத்தில் குறித்துக்கொள்வோம். இதற்காக வீட்டில் போன் கொடுக்கத் தேவையில்லை.

பிள்ளைகள் பேசும் நாளை டைரியில் எழுதி அனுப்புகிறோம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யார் வந்தாலும் சரி, வந்து உட்கார்ந்து கேள்வி கேளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்