‘ஜெயிச்சிட்டோம்’, ‘தோத்துட்டானுங்க’

ஆசிரியருக்கு,

எங்கள் தெரு டீக்கடையில் கிரிக்கெட் ஓடும்போது கவனித்திருக்கிறேன். இந்தியா வென்றால் ‘ஜெயிச்சிட்டோம்!’, தோற்றால் ‘தோத்துட்டானுங்க’. நானும் அப்படித்தான் சொல்கிறேன். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி, கல்லூரி மாணவர்களின் இதே பேச்சை 1976-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அமெரிக்கக் கால்பந்தில் சொந்த அணி வென்றால், திங்கட்கிழமை வகுப்பில் கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் கூடுதலாகத் தென்பட்டனவாம்.

இதில் யாருக்கும் நஷ்டமில்லை. ‘நம் தேசிய கீதமே உலகில் சிறந்தது, யுனெஸ்கோ அறிவிப்பு’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் திரும்பத் திரும்ப வருகிறதே, அதுதான் உறுத்துகிறது. யுனெஸ்கோ மறுத்துப் பல வருஷமாகிறது. திருநள்ளாறுக்கு மேலே செயற்கைக்கோள் நின்றுபோவதாக ‘நாசா சொன்ன’ கதையும் இதே ரகம். பெருமை நம்முடையது, முத்திரை மட்டும் ஏன் வெளிநாட்டுக்காரனுடையது? உளவியலில் இதைக் ‘கூட்டுத் தற்காதல்’ என்கிறார்கள்: நம் கூட்டமே உசத்தி என்ற நினைப்போடு, மற்றவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லையே என்ற பொருமலும் சேர்ந்தது.

‘இது பொய்ச் செய்தி’ என்று குழுவில் எழுதினேன். ‘நீ இந்தியன்தானா?’ என்று கேட்டார் சித்தப்பா. அதன்பிறகு இன்னும் பேசவில்லை.

- ஒரு வாசகர், மயிலாடுதுறை