சந்தியாகப்பர் ஊருக்குப் போகும் வழியில் உன் எதிரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. பார்சலோனாவில் மகள் வீட்டில் இருந்தேன். தம்பிதான் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது சந்தோஷம். முழங்கால் விஷயம்தான் மனசைப் போட்டு அரித்தது. இருபது வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்த கால், இப்போது மாடிப்படி ஏற யோசிக்கிறது என்றால் என்ன சொல்வது!

என் பக்கத்துச் செய்தி ஒன்றுதான். நானும் நடந்துவிட்டேன். எங்கே என்று கேள்: உங்கள் தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பரின் ஊருக்கு!

சிரிக்காதே. பழனிக்கே பஸ்ஸில் போனவன் என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா, அதில் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா. சந்தியாகப்பர், அதாவது இயேசுவின் சீடர் யாகப்பரின் கல்லறை அங்கேயுள்ள பேராலயத்தில் இருப்பதாக நம்பி, ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஜனங்கள் நடக்கிறார்கள். கடைசி 100 கிலோமீட்டராவது நடந்து, வழியில் முத்திரை வாங்கிக்கொண்டு போனால் சான்றிதழ் தருவார்கள். 2024ல் மட்டும் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் வாங்கியிருக்கிறார்கள். அந்த 100 கிலோமீட்டருக்குச் சற்று முன்னால் இருக்கிற ஸாரியாவில் மகளும் நானும் தொடங்கினோம். ஐந்து நாள்.

ஐந்து நாளையும் எழுதி உன்னைக் களைப்பாக்க மாட்டேன். நாலாவது நாள் மட்டும். அர்சூவாவிலிருந்து ஓ பெத்ரோஸோ வரை, 19 கிலோமீட்டர். அன்றைக்குப் பெரிய ஏற்றம் இல்லை. பார்த்தே தீரவேண்டிய கோயில், கோட்டை என்று எதுவும் இல்லை. வெறும் காட்டுவழி, இடையிடையே மாட்டுத்தொழுவமும் மேய்ச்சல் நிலமும். முந்தின ராத்திரி பயணிகள் விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர் விட்ட குறட்டையில் நான் தூங்கவே இல்லை. அந்த அலுப்பிலும் அன்றைய நடைதான் எனக்குப் பிடித்தது.

காலை ஏழு மணிக்கு மூட்டமான வானம், தூறலா பனியா என்று சொல்லமுடியாத ஈரம். ஊர் எல்லை தாண்டியதும் பாதை பள்ளமாகி, இருபுறமும் பாசி படிந்த கல்சுவரும் ஓக் மரங்களுமாக இருந்தது. இந்த மரத்தை அங்கே கார்பாயோ என்கிறார்கள். காலுக்குக் கீழே நனைந்த சருகு, நடக்கிற சத்தமே வரவில்லை. வழி தவறவும் முடியாது. திரும்புமிடமெல்லாம் மஞ்சள் அம்புக்குறி. எலியாஸ் வலீன்யா என்ற பங்குத்தந்தை 1980களில் மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரிந்து தொடங்கிவைத்த வேலை அது. போதாததற்கு, இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று இந்த யாத்திரையின் அடையாளமான சிப்பிச் சின்னம் போட்ட கல்தூண்கள் சொல்லிக்கொண்டே வருகின்றன. நமக்கு மைல்கல் போதும். இங்கே மீட்டர்வரை கணக்கு!

ஒரு மணி நேரம் போயிருக்கும். திடீரென்று மூக்கில் அந்த வாசனை ஏறியது. உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். தைலமரம்! உன் ஜென்ம எதிரி. பட்டை உரிந்து தொங்க, நேராக வானத்துக்கு வளர்ந்து, வரிசை வரிசையாக. குன்னூரில் நாம் ஒரே அறையில் இருந்தபோது ஜன்னலுக்கு வெளியே நின்றதே, அதே ஜாதி. நீலகிரித் தைலம் எடுக்கிற அதே மரம்தான். கண்ணை மூடினால் ஸ்பெயின் போய்விட்டது, வெந்நீரில் ஆவி பிடித்துக்கொண்டு நீ இருமுகிற சத்தம்தான் பாக்கி.

ஆஸ்திரேலியாவில் மடம் கட்டிய ஒரு கலீசியத் துறவிதான் 19ஆம் நூற்றாண்டில் விதை அனுப்பினார் என்பார்கள். அப்புறம் காகிதக் கூழுக்காகக் கண்டபடி நட்டார்கள். கதை உனக்குத் தெரியாததா? நம் நீலகிரியில் இந்த மரத்தை நட்டுப் புல்வெளிக்கு என்ன ஆனதோ, இங்கே ஓக் காட்டுக்கும் அதுவேதான். நெருப்புப் பிடித்தால் சீக்கிரம் பரவுகிறது என்று இங்கேயும் திட்டுகிறார்கள். 2021ல் கலீசிய அரசு புதிய நிலத்தில் இதை நடுவதை நிறுத்தி வைத்தது. கூட நடந்த பயணிகளோ ஏதோ ஆதிகாலத்துக் காடு என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. நான் எதுவும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிழலும் வாசனையும் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. திட்டிக்கொள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் காட்டை ஒட்டியே நெடுஞ்சாலை ஓடுகிறது. நாலைந்து தடவை குறுக்கே கடக்கவேண்டும். பறவைச் சத்தத்தில் லயிக்கும்போது லாரி உறுமும்.

சல்செதா என்ற சிற்றூர் தாண்டி, சுவரில் ஒரு மாடம். அதில் வெண்கலத்தில் ஒரு ஜோடி செருப்பு. 1993 ஆகஸ்டில் அந்த இடத்தில் 69 வயதுப் பயணி ஒருவர் இறந்துபோனார். சந்தியாகோ ஒரு நாள் நடை தூரம். செருப்புக்குள் யார் யாரோ பூ வைத்திருந்தார்கள், கூழாங்கல் வைத்திருந்தார்கள், மடித்த சீட்டும் இருந்தது. மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "குடிங்கப்பா, உட்காருங்க" என்றாள். பயந்துவிட்டாள் என்று தெரிந்தது. உட்கார்ந்தேன். உன் வேளாங்கண்ணி நடையில் வழியோரம் மோர் கொடுப்பவர்களைப் பற்றிச் சொல்வாயே, அது ஞாபகம் வந்தது. இங்கே மோருக்குப் பதில் பால் காபி. காசு கொடுக்கவேண்டும்.

மதியம் ஒரு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டோம். மறுநாள் பேராலயத்தில் சிலையைக் கட்டிக்கொண்டபோது உன் பெயரைச் சொன்னேன். எனக்கு நம்பிக்கை இல்லை, உனக்கு இருக்கிறதே.

சரி, இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஒரு நாள் நடையை நீ நடக்கலாம். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம், பாதி வழியில் தங்க இடம் இருக்கிறது. பையைச் சுமக்கவேண்டியதில்லை, சில யூரோ கொடுத்தால் அடுத்த விடுதிக்கு வண்டியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். 2027 மட்டும் வேண்டாம். ஜூலை 25, உங்கள் சந்தியாகப்பர் திருவிழா நாள், ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் அது புனித ஆண்டு, கூட்டம் தாங்காது. முழங்கால் டாக்டரிடம் 10 கிலோமீட்டர் சமதரையில் நடக்கலாமா என்று மட்டும் கேட்டு எழுது. சான்றிதழுக்காக 100 கிலோமீட்டர் என்று அவரிடம் உளறாதே.

அர்சூவா சீஸ் ஒரு வட்டம் உனக்காக வாங்கினேன். வழியிலேயே நாங்கள் தின்றுவிட்டோம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்