ஒலிபெருக்கி இல்லாமல் கூத்துக் கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புக் கலைவிழாக்களில் நாட்டார் இசைக்கு இன்னும் கூட்டம் சேர்கிறது என்று கடந்த ஞாயிறு இதழில் வெளியான செய்தி மகிழ்ச்சி தந்தது. உண்மைதான். ஆனால் வருகிற சனத்துக்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் ஒலிபெருக்கியின் இரைச்சலே. மத்தளத்துக்கு ஓர் ஒலிவாங்கி, தப்பு என்னும் பறைக்கு இன்னொன்று. அப்புறம் பாட்டின் சொல் ஒன்றும் விளங்குவதில்லை. மட்டக்களப்பில் கூத்து வட்டக்களரி என்னும் வட்டமான ஆடுகளத்தில் ஆடப்படுவது; சுற்றிவர மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் குரலும் பிற்பாட்டும் அந்த நெருக்கத்துக்கென்றே அமைந்தவை. ஒருமுறை கொட்டாஞ்சேனை மண்டபமொன்றில் கூத்து நடக்கும்போது மின்சாரம் நின்றது. கலைஞர்கள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் சதங்கை தனித்தனியாகக் கேட்டது. பின்வரிசையில் கைத்தொலைபேசியோடு இருந்த பிள்ளைகள் தாமாகவே முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

இது நகரத்துக்குப் பொருந்தாத கலை என்று சொல்பவர்கள், 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டே கூத்தை மேடையேற்றியதை நினைத்துப் பார்க்க வேண்டும். மாதத்தில் ஒரு மாலையாவது, வாகன இரைச்சல் எட்டாதபடி விகாரமகாதேவிப் பூங்காவின் உட்பகுதியில், ஒலிபெருக்கி இல்லாமல் கூத்துக்கும் மலையகத் தப்புக்கும் மாநகர சபை இடம் ஒதுக்கட்டும். ஒலிபெருக்கி வாடகைக்குப் போகும் பணத்தை, தூரத்திலிருந்து வரும் கலைஞர்களின் சன்மானத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06